கல்தூன் மொழிபெயர்த்த சாவு

ஏமனின் ஏடன் நகரில் சோமாலியர் குடியிருக்கும் பசாதீன் பகுதியில் கல்தூன் எதிரே வந்தால் சிலர் சந்து மாறிப் போய்விடுவார்கள். அதே நகரில் ஓர் ஆஸ்பத்திரியில் அவளுக்கு வேலை. டாக்டர்கள் அரபியில் சொல்வதைச் சோமாலியிலும், நோயாளிகள் சோமாலியில் புலம்புவதை அரபியிலும் சொல்ல வேண்டும். 'காலை வெட்டி எடுத்தாக வேண்டும்', 'குழந்தை தங்காது', 'இனி வீட்டுக்குக் கூட்டிப் போங்கள்'. எல்லாம் டாக்டர்களின் பேச்சுதான். ஆனால் ஜனங்களுக்கு அவள் வாய்தான் நினைவில் நின்றது.

"அடியே கல்தூன், என் புருஷனுக்கு வெறும் சளிதான். நீ அவன் பக்கம் வந்து வாயத் தொறந்துடாத!" என்பாள் மீன்காரி. சுற்றி நிற்பவர்கள் சிரிப்பார்கள். கல்தூனும் சிரித்துவிட்டு வருவாள்.

ஆஸ்பத்திரியில் ஒரு விதி உண்டு. 'இவள் இப்படிச் சொல்கிறாள்' என்று இழுக்கக் கூடாது. நோயாளி 'நான்' என்றால் அவளும் 'நான்' என்றே சொல்ல வேண்டும்.

காற்று தணிந்து கடல் திறந்ததும் சோமாலியாவின் பொசாசோ துறைமுகத்திலிருந்து கள்ளப் படகுகள் வரத் தொடங்கின. அவள் தம்பி வர்ஃபா அங்கிருந்து போன் பண்ணினான்.

"அக்கா, படகுக்காரன்கிட்டப் பேசியாச்சு. எனக்கும் சேத்து சோறாக்கி வை."

"வேணாண்டா. நான் இங்க என்னென்ன பாக்குறேன்னு ஒனக்குத் தெரியாது."

"நீ பாக்குறதெல்லாம் சீக்காளிங்கள. நல்லபடியா கரை ஏறினவன் எவன் ஆஸ்பத்திரிக்கு வர்றான்?"

அதற்குப் பிறகு அவன் போன் எடுக்கவில்லை. கல்தூன் தினமும் இரண்டு பேருக்குச் சமைத்தாள்.

ஒரு முற்பகல், கரையில் கிடந்த ஒரு பெண்ணைக் கொண்டுவந்தார்கள். பெயர் தஹபோ. படகின் அடித்தட்டில் டீசலும் உப்புநீரும் கலந்து தேங்கியதில் உட்கார்ந்தே வந்தவள். இடுப்புக்குக் கீழே தோல் வெந்து உரிந்திருந்தது. முதுகில் ரப்பர் குழாயால் அடித்த தடம். டாக்டர் அஃப்ராஹ் கட்டுப் போட்டுக்கொண்டே என்ன நடந்தது என்று கேட்டார்.

தஹபோ மெல்லச் சொன்னாள். கல்தூன் பின்னாலேயே அரபியில் சொல்லிக்கொண்டு வந்தாள்.

"நான் கீழ்த்தட்டில இருந்தேன். தண்ணி கேட்டா அடிச்சாங்க. எம் பக்கத்துல ஒரு பையன். பசாதீன்ல அக்கா இருக்கா, போனதும் சோறு போடுவான்னு சொல்லிச் சிரிக்க வச்சுக்கிட்டே வந்தான். ஒரு குழந்தை தண்ணிக்கு அழுதுச்சு. அவன் எந்திரிச்சு மேல போய்க் கேட்டான். கையக் கட்டிக் கடல்ல தள்ளிட்டாங்க. நான் பாத்தேன்."

"பெயர் தெரியுமா?" என்றார் டாக்டர்.

கல்தூன் கேட்டாள்.

"வர்ஃபா. வர்ஃபா யூசுஃப் ஃபாரஹ்."

கல்தூன் அந்தப் பெயரை அரபியில் சொன்னாள், தகப்பன் பெயரும் பாட்டன் பெயரும் சேர்த்து. குரல் பிசிறவில்லை. ஆனால் கட்டிலின் இரும்புக் கம்பியை இறுகப் பிடித்திருந்தாள். தஹபோவின் கண் அந்தக் கையில் விழுந்து, அங்கிருந்து முகத்துக்கு ஏறியது.

"ஒங்க பேரு என்ன?"

"என்ன கேக்குறா?" என்றார் டாக்டர்.

"என் பேரக் கேக்குறா, டாக்டர்." பிறகு சோமாலியில், "அப்புறம் சொல்றேன். மேல சொல்லுங்க" என்றாள்.

தஹபோ மேலே சொல்லவில்லை. அழத் தொடங்கினாள். அழுகைக்கு அரபியில் சொல்ல ஒன்றும் இல்லை. கட்டுப் போட்டு முடியும்வரை நின்றுவிட்டு, கல்தூன் வெளியே போய்ச் சுவரோரம் தரையில் உட்கார்ந்தாள். பின்னாலேயே வந்த டாக்டர் அஃப்ராஹ் இரண்டு முறை கேட்ட பிறகுதான், "அது என் தம்பி" என்றாள்.

மறுநாள் தஹபோவின் கட்டிலருகே உட்கார்ந்து அம்மாவுக்குப் போன் போட்டாள். எத்தனையோ தாய்மாருக்கு இதே செய்தியைச் சொன்னவள். அம்மா "புள்ள வந்துட்டானா?" என்று கேட்டதும் வாயில் ஒரு சொல் வரவில்லை. "ஹலோ, ஹலோ" என்று அங்கே சத்தம் ஏறிக்கொண்டே போனது.

தஹபோ கையை நீட்டினாள். "குடுங்க."

சலாம் சொல்லி, தான் யார் என்று சொல்லி, பிறகு நேராகச் சொல்லிவிட்டாள். அந்தப் பக்கம் எழுந்த ஓலம் அடுத்த கட்டில்வரை கேட்டது. அடங்கியபின் அம்மா ஏதோ கேட்டிருக்க வேண்டும்.

"இல்லம்மா, கஷ்டப்படல. கடைசியா ஒங்களத்தான் கூப்பிட்டான்" என்றாள் தஹபோ.

அவள் கண்களைச் சந்திக்காமல் கல்தூன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

பசாதீன் பள்ளிவாசலில் உடலில்லாமலே ஜனாஸா தொழுகை நடந்தது. துக்கம் கேட்கப் பலர் வந்தார்கள், சந்து மாறிப் போனவர்களும் வந்தார்கள். என்ன பேசுவதென்று தெரியாமல் தேநீரைக் குடித்துவிட்டுப் போனார்கள்.

கல்தூன் வேலைக்குத் திரும்பினாள். கரையிலிருந்து யாரைக் கொண்டுவந்தாலும், டாக்டர் வாய் திறக்குமுன் அவர்களோடு வந்தவர்களின் பெயர்களை அவளே கேட்டுவிடுகிறாள். டாக்டர் அஃப்ராஹ் தடுப்பதில்லை.

தஹபோ அவள் வீட்டில்தான் தேறினாள். நடக்க முடிந்ததும் சவூதி எல்லைக்குக் கிளம்பினாள். கல்தூன் எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள்.

"இங்க இருந்து என்னக்கா பண்றது?" என்றாள் தஹபோ. கல்தூன் வழிக்குச் சோறு கட்டிக் கொடுத்தாள். போய்ச் சேர்ந்ததும் போன் பண்ணுவதாகச் சொல்லிவிட்டுப் போனவளிடமிருந்து இதுவரை ஒரு தகவலும் இல்லை.