மண்பட்ட ஓரம்

மதுரங்குளிச் சந்தியில் கடைக்காரர் எனக்கு முன்னால் நின்றவருக்கு வெள்ளைக் காடாவைக் கிழித்தார். ஒரே இழுப்பு. சத்தத்தோடு சேர்ந்து கஞ்சி வாசமும் எழும்பி மூக்கில் ஏறியது.

"உங்களுக்கு எத்தின யார் டீச்சர்? என்னத்துக்கு?"

கண்டக்குழியில் கடற்கரைக்குப் போகும் பாதைக்கு மாமாவின் பெயரை வைக்கிறார்கள். பெயர்க்கல்லைத் திறக்கும்வரை மூடிவைக்க ஒரு வெள்ளைத் துணி வேண்டுமாம், சொந்தக்காரி நான்தானாம், நானே கொண்டுவர வேண்டுமாம். நல்ல காரியம். இத்தனை வருடம் கழித்தாவது நினைத்தார்களே. ஆனால் வாங்காமலே பஸ் ஏறினேன். பஸ்ஸிலும் இருப்புக் கொள்ளவில்லை. தென்னைகளும் காற்றாலைகளும் பின்னால் ஓட, நான் மட்டும் இன்னும் பின்னால் ஓடிக்கொண்டிருந்தேன்.

எனக்கு அப்போது ஒன்பது வயது. உம்மாவின் ஒரே தம்பியான மாமா, தோளில் கட்டோடு ஆமியிலிருந்து லீவில் வந்திருந்தார். வடக்கே ஒரு களப்புச் சேற்றில், கால் போய்க் கிடந்த கூட்டாளி ஒருவனை ஒரு பகலும் ஓர் இரவும் சுமந்து கரைசேர்த்தவர். எப்படிச் சுமந்தாய் என்று ஊரே கேட்டது. "பாரமாத்தான் இருந்தான்" என்பார். அதற்குமேல் கதை இல்லை.

தோள் காயத்தைச் சொல்லி ஒரு தாளில் கையெழுத்து வைத்தால் கொழும்பில் களஞ்சிய வேலை. மறுபடி சண்டைக்குப் போகத் தேவையில்லை. உம்மா அந்தத் தாளைத் தையல் மெஷினில் விரித்து, மேலே பேனையையும் திறந்து வைத்திருந்தார்.

"தம்பி, மை காயுது."

"காயட்டும் ராத்தா. கடையில வேற மை இரிக்கு."

பத்து நாளாக இதே பேச்சு. இதற்கிடையில் பள்ளிக்கூடத்தில் மாமாவுக்குப் பாராட்டு விழா வைத்தார்கள். மாப்பிள்ளை வந்தாலும் மந்திரி வந்தாலும் கால் மண்ணில் படாமல் வெள்ளை விரிப்பது எங்கள் பக்கத்து மரியாதை. விரிக்கிற துணி வைத்திருப்பவர் அன்று கல்பிட்டியில் ஒரு கலியாணத்துக்குப் போய்விட்டார். அதிபர் வகுப்பு வகுப்பாக வந்து கேட்டார்: "யாருட வீட்டில நீளமான வெள்ளத் துணி இரிக்கு?"

முதலில் கை தூக்கியது நான். வாப்பா ஊர்ப் பள்ளிவாசலில் பாங்கு சொல்லும் மோதினார். பள்ளிவாசல் அலுமாரிச் சாவி எங்கள் வீட்டு ஆணியில் தொங்கும். அலுமாரிக்குள் ஒரு முழுச் சுருள், தொட்டால் மொடமொடக்கும். எவ்வளவு வெள்ளை! கர்ப்பூர வாசம் வேறு. மாமாவுக்கு இதைவிட என்ன மரியாதை?

வாசலிலிருந்து மேடைவரை நானே உருட்டி விரித்தேன். நடுவில் கை தவறி ஓரம் ஈரமண்ணில் புரண்டது. பாவாடையால் துடைத்தேன், போகவில்லை. டிராக்டரில் ஊர்வலமாக வந்த மாமா இறங்கி ஒரு காலைத் தூக்கினார். சப்பாத்து அந்தரத்தில் நின்றது. கர்ப்பூரம் அவருக்கும் மணத்திருக்க வேண்டும். துணியைப் பார்த்தார், பிறகு மறுமுனையில் நின்ற என்னை. காலைப் பின்னால் எடுத்தார்.

"அந்த முனையப் பிடி மகள். மடிப்பம்."

மடித்தோம். மூலை மூலையாக, சுருக்கமே இல்லாமல். அதை நெஞ்சோடு அணைத்தபடி வெறும் மணலில் நடந்து மேடைக்குப் போனார். அது ஆமி வழக்கம் போலிருக்கிறது என்று ஊர் கைதட்டியது. மேடையோரம் நின்ற வாப்பா மட்டும் முகம் வெளிறி, என்னையும் துணியையும் மாறி மாறிப் பார்த்தார். அது கபன் துணி என்று எனக்குப் பிறகுதான் தெரியும். மையித்தை அடக்கம் செய்யுமுன் சுற்றுவது. மாமாவும் வாப்பாவும் அதைக் கடைசிவரை யாரிடமும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் உம்மாவிடம் எனக்கு முதுகுத்தோல் மிஞ்சியிராது. எனக்கோ கோபம். நான் விரித்ததில் அவர் நடக்கவில்லையே.

கால் போன கூட்டாளியின் தகப்பன் வண்ணாத்திவில்லிலிருந்து ஒரு பெரிய பூசணிக்காயோடு வந்திருந்தார். எல்லாரும் மாலை போட்டு முடிந்தபின் மாமாவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு சிங்களத்தில் சொன்னார்: மகன் ஆஸ்பத்திரியில் தினமும் கேட்கிறானாம், சேற்றில் நின்ற மற்ற இரண்டு பேரும் வந்துவிட்டார்களா என்று. மாமா பூசணிக்காயை வாங்கிக்கொண்டார்.

விடிந்தபோது தாள் கையெழுத்தில்லாமலே கிடந்தது. மாமா சப்பாத்துக் கட்டிக்கொண்டிருந்தார். உம்மா பேனையை மூடினார், அழவில்லை.

போனவர் வரவில்லை. உடலும் வரவில்லை. அந்தச் சுருள் ஊரில் யார் யாருக்கோ வெட்டி முடிந்தது. ஒரு முழத்தை மட்டும் வெட்டவிடாமல் வாப்பாவோடு மல்லுக்கட்டி வாங்கி வைத்தேன். இன்றும் என் அலுமாரியில் இருக்கிறது. பெயர்க்கல்லை மூட அது போதும்.

அவர் புறப்பட்ட அன்று பஸ் வந்து நின்றபோது நான் கதைக்காமல் முறுக்கிக்கொண்டு நின்றேன். மாமா மிதிபலகையில் ஏறிவிட்டுத் திரும்பிக் குனிந்தார்.

"துணியத் திருப்பி வெச்சிட்டியா?"

"ஓம்."

"ஊத்த படல்லதானே?"

"ஒரு ஓரத்தில மண் பட்டிட்டு மாமா. கழுவியும் போகல்ல."

அவர் சிரித்தார். "பரவால்ல. அந்த ஓரத்த எனக்கு வெச்சிரு."

என்னிடம் ஒன்று கேட்டுவிட்டாரே என்று கோபமெல்லாம் பறந்தது. நகர்ந்த பஸ்ஸோடு ஓடி ஓடிச் சொன்னேன்:

"ஓம் மாமா. வேற ஆருக்கும் குடுக்க மாட்டன்."