ஒரே ஒரு சீட்

போன ஞாயிற்றுக்கிழமை கோயம்புத்தூர் போயிருந்தேன். ஜவுளி எடுக்கவா, கல்யாணத்துக்கா? இல்லை... ரேஸ் கார் பார்க்க! சிரிக்காதீர்கள்.

ஆசை எனக்கில்லை, என் நாத்தனார் செல்விக்கு. மலைமேல் பேத்துப்பாறையில் அவளுக்குப் பூண்டு விவசாயம். மூட்டைகளை பிக்கப் வண்டியில் ஏற்றிக்கொண்டு அவள் மலை இறங்கினால், டூரிஸ்ட் கார்கள் தானாக ஒதுங்கும். அடுத்த மாதம் புதியவர்களுக்கென்று ஒரு ரேஸ். நாற்பது வயதாகிவிட்டது, இந்த வருஷம் ஓட்டியே தீருவேன் என்று ஒற்றைக் காலில் நின்றாள்.

கேள்வி ஒன்றுதான் — காரை வாங்குவதா, கட்டுவதா? அவள் ஷெட்டில் ஒரு பழைய கார் சும்மா கிடக்கிறது. அதைப் பிரித்து ரேஸ் காராகக் கட்டுவதற்குள் ரேஸே முடிந்துவிடும். வாங்கினால் அடுத்த மாதமே ஓட்டலாம். இதில் யோசிக்க என்ன இருக்கிறது? பேசாமல் வாங்கித் தொலை என்று நச்சரித்தவள் நான்தான்.

கோயம்புத்தூரில் கார் விற்பவர் ரேஸ் டிராக்கிலேயே ஓட்டிப் பார்க்கச் சொன்னார். ஒரே ஒரு சீட். செல்வி ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு உள்ளே இறங்கினாள். நான் டிராக் ஓரத்தில், முருகா முருகா என்று நின்றேன்.

முதல் சுற்று மெதுவாகப் போனாள். இரண்டாவது... அடேயப்பா! விற்பவரே வாயைப் பிளந்தார். மூன்றாவது சுற்றில் எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை, கையைத் தூக்கி ஆட்டிவிட்டேன்.

கிறீச்! கார் என் பக்கத்தில் வந்து நின்றது.

எங்கள் மலையில் பஸ் குறைச்சல். ரோட்டோரம் யார் கை காட்டினாலும் நிறுத்தி ஏற்றிக்கொள்வோம். அந்தப் பழக்கத்தில் அவள் கால் தானாகவே பிரேக்குக்குப் போயிருக்கிறது.

"ஏறுங்க மதினி" என்றாள். சொன்ன பிறகுதான் பக்கத்தில் திரும்பிப் பார்த்தாள். ஏற இடம் எங்கே இருக்கிறது?

விற்பவர் விழுந்து விழுந்து சிரித்தார். நானும்தான். செல்வி மட்டும் சிரிக்கவில்லை. இறங்கி, ஹெல்மெட்டைக் கழற்றி அவர் கையில் கொடுத்தாள்.

"கார் நல்லாத்தாங்க இருக்கு. ஆனா தனியாப் போயி என்னத்த ஜெயிக்க?"

திரும்பும் வழியெல்லாம் எனக்கு மனசு ஆறவில்லை. இந்த வருஷ ரேஸ் போச்சே! அவளோ, இரண்டு பேர் போகும் ராலி பற்றிக் குஷியாகப் பேசிக்கொண்டே வந்தாள். பக்கத்தில் உட்கார்ந்து ஓயாமல் வழி சொல்ல ஒரு ஆள் வேண்டுமாம். வாய் மூடாதவளுக்கென்றே ஒரு வேலை... கசக்குமா எனக்கு?

வாங்குகிற பொருள் செய்தவன் மனசுப்படிதான் இருக்கும். நாமே கட்டினால், நமக்கு வேண்டியவர்களுக்கும் அதில் இடம் போடலாம்.

நேற்று ஷெட்டுக்குப் போனேன். இன்ஜின் ஒரு மூலையில், சக்கரங்கள் ஒரு மூலையில். மாட்டி முடித்திருப்பது ஒன்றே ஒன்று — என் சீட்!