அண்ணன் வளத்த புல்கெண்டை

எனக்குக் கோவம் மூக்கு மேல இருக்கும். அதை மொதல்லயே சொல்லிடறேன். என்னை நல்லவன்னு நெனச்சுக்கினு படிச்சா ஏமாந்து போவீங்க.

படாளத்துல அண்ணனுக்கும் எனக்கும் பொதுவா இருக்கிற நெலத்து மூலையில ஒரு குட்டை வெட்டினோம். மீன் நல்லா வந்தா, பொத்தேரியில நான் பார்க்கிற ஹாஸ்டல் வாட்ச்மேன் வேலைக்கு ஒரு கும்பிடு போட்டுடலாம்னு கணக்கு. வெட்டின மறுவருஷமே அண்ணனுக்குப் பக்கவாதம் வந்து இடது பக்கம் வுழுந்துடுச்சு. நான் காலையில ரயில் ஏறினா இருட்டினப்புறம்தான் திரும்புவேன். அதனால கரையில பிளாஸ்டிக் சேரைப் போட்டுக்கினு குட்டையைப் பார்த்துக்கிறது அவர் வேலை ஆச்சு.

ஏரித் தண்ணியோட ஜிலேபி மீன் உள்ள நுழைஞ்சுது. சனியன், குஞ்சு பொரிச்சுக்கினே இருக்கும். கூட்டம் பெருத்துட்டா வெரல் நீளத்துக்கு மேல வளராது, ஆனா போடற தவுடெல்லாம் அதுக்கே. நாங்க விட்ட கட்லாவும் ரோகுவும் எலும்பும் தோலுமா ஆயிடுச்சு. தப்பிச்சு வளர்ந்தது ஒரே ஒரு புல்கெண்டை. அது புல்லு தின்னும், அதனால அதுக்குப் போட்டி இல்ல. அண்ணன் நல்ல கையால அருகம்புல்லைப் பிடுங்கித் தண்ணியில நீட்டுவாரு. தொடை தண்டி மீனு வந்து கையிலிருந்தே இழுத்துக்கும். அப்ப வாய் ஒரு பக்கம் கோணிக்கினு ஒரு சிரிப்பு சிரிப்பாரு. படுத்து எழுந்ததுக்கப்புறம் அந்தச் சிரிப்பு வேற யாரைப் பார்த்தும் வந்ததில்ல. அவரைக் குளிப்பாட்டி வுடறவன் நானு. என்னைப் பார்த்தும் வந்ததில்ல. எனக்கு வயிறு எரியும்.

ஜிலேபியை ஒழிக்கணும்னா இலுப்பைப் புண்ணாக்குதான். ஊற வெச்சுக் கரைச்சு ஊத்தினா குட்டையில இருக்கிற அத்தனையும் செத்து மெதக்கும். அந்த மீனைத் தின்னா மனுஷனுக்கு ஒண்ணும் ஆவாது. ஊத்தப் போறேன்னு சொன்னப்ப அண்ணன் ஒண்ணே ஒண்ணுதான் கேட்டாரு.

"அத்த மட்டும் மொதல்ல புட்சி தொட்டியில வுட்ருடா."

"சரி, வுட்டுர்றேன்."

ஒரு தபா வலை போட்டேன். புல்கெண்டை வலைக்கு மேல எகிறி, வாலால என் மூஞ்சியிலயே அறைஞ்சுட்டுப் போச்சு. கரையில அண்ணன் மீனையே பார்த்துக்கினு சிரிச்சாரு. அவ்ளோதான். வலையைச் சுருட்டி வீசினேன். கடைக்காரன் சொன்னது ரெண்டு மூட்டை. கைக்காவலுக்கு ஒண்ணு சேர்த்து ஊற வெச்சிருந்தேன், மூணையும் கரைச்சு ஊத்தினேன். "டேய், வேணாண்டா"ன்னு சேரை வுட்டு எழுந்திருக்கப் பார்த்து அண்ணன் கீழ வுழுந்தாரு. நான் ஊத்தி முடிச்சுட்டுதான் தூக்கினேன்.

மத்தியானத்துக்குள்ள அது வயித்தைக் காட்டிக்கினு மெதந்துச்சு. நானே வெட்டினேன். என் பொண்டாட்டி மொணகிக்கினே கொழம்பு வெச்சா. தலையை எடுத்து அண்ணன் தட்டுல போட்டேன்.

"உன் புள்ளதான். துன்னு."

அவரு முள்ளை ஒண்ணொண்ணா ஓரமா வெச்சுட்டு முழுசும் தின்னாரு. என் பொண்டாட்டிதான் அன்னிக்குச் சாப்பிடல.

தண்ணியில வெஷம் போக ரெண்டு வாரத்துக்கு மேல ஆவும். போச்சா இல்லையான்னு தெரிஞ்சுக்க, கொசுவலையில பெட்டி மாதிரி தெச்சுக் குட்டையில கட்டி, அதுல அஞ்சு குஞ்சை ஒரு பகல் பூரா வெச்சுப் பார்ப்போம். பொழைச்சா மத்ததை வுடலாம். ரெண்டு வாரம் முடிஞ்ச அன்னிக்குக் காலையில குஞ்சைக் கட்டிட்டு, பார்த்துக்கன்னு அண்ணன்கிட்ட சொல்லிட்டு வேலைக்குப் போனேன். சாயங்காலம் பொத்தேரியிலிருந்து போன் போட்டேன்.

"அண்ணே, இன்னா ஆச்சு?"

"ஜோரா நீந்திக்கினு கீது. அதுங்களையும் அவுத்து வுட்டுட்டேன். வண்டிய வரச் சொல்லு."

மறுநாள் காலையில குஞ்சு வண்டி வந்துச்சு. வேலைக்கு லீவு சொல்லிட்டு, பை பையா நானே எறங்கி வுட்டேன். மனசு அவ்ளோ லேசா இருந்துச்சு. கொஞ்ச நேரத்துல குஞ்செல்லாம் மேல வந்து வாயைப் பொளந்துச்சு. அப்புறம் ஒண்ணொண்ணா மல்லாந்துச்சு. வெயில் ஏர்றதுக்குள்ள குட்டை பூரா வெள்ளையாயிடுச்சு. இனிமே வாட்ச்மேன் குல்லாதான் எனக்குன்னு அங்கயே தெரிஞ்சு போச்சு.

கரை ஏறி வந்தேன். அண்ணன் சேருக்குக் கீழ அஞ்சு குஞ்சு காஞ்சு கெடந்துச்சு, எறும்பு மொய்ச்சுக்கினு.

"இதுங்க எப்ப செத்துச்சு?"

"நேத்து நீ ரயிலு ஏர்றதுக்கு முன்னாடியே."

அவரு நல்ல கையை நீட்டி அதுல ஒண்ணை எடுத்து என் உள்ளங்கையில வெச்சாரு.

"உன் புள்ளதான். கொழம்பு வெக்கச் சொல்லு."

அப்புறம் சிரிச்சாரு. வாய் ஒரு பக்கம் கோணின அதே சிரிப்பு, என்னைப் பார்த்து.