ஸைனம்புவின் மூக்கு

மருதமுனை மருத்துவிச்சி ஸைனம்புவுக்குச் சோறு போட்டது கையல்ல, மூக்கு. பிள்ளை பெறுவிக்க ஊரில் வேறு பெண்களும் இருந்தார்கள். குளிப்பாட்டிய பிள்ளைக்குப் புகை காட்டும் சாம்பிராணியைத் தரம் பார்க்க அவள் ஒருத்திதான். ஒரு சிட்டிகையை விரலில் தேய்த்து மூக்கில் வைப்பாள். கலப்படமா, பழசா, பிள்ளைக்கு ஆகுமா என்று அங்கேயே சொல்லிவிடுவாள். கல்முனைக் கடைக்காரர்கள் அவள் தலையைக் கண்டால் கெட்ட சரக்கை உள்ளே தள்ளிவிடுவார்கள்.

ஐம்பத்தைந்தாம் வருட மாரியில் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. காய்ச்சல் போனபோது மணமும் போய்விட்டது. பொரித்த மீன்கூட மணக்கவில்லை. அவள் ஒருவரிடமும் சொல்லவில்லை. எப்படிச் சொல்வாள்? ஊர் நெசவுக்காரருக்காவது ஒரு சங்கம் இருந்தது. புருஷன் செத்த மருத்துவிச்சிக்கு என்ன இருந்தது? மூக்கில்லை என்று தெரிந்தால் எந்த வீடும் கூப்பிடாது, அடுப்பு எரியாது. ஆகவே பழையபடி தேய்த்தாள், மூக்கில் வைத்தாள், தலையாட்டினாள்.

அடுத்த கோடையில் சாய்ந்தமருதில் சுல்பிகாவுக்கு ஆண்பிள்ளை பிறந்தது. அவள் புருஷன் ஷரிபுதீன் கடலுக்குப் போகிறவன். கடையிலிருந்து இரண்டு பொட்டலம் கொண்டுவந்தான். ஒன்று சாம்பிராணித் தூள். மற்றது குங்கிலியமும் கந்தகமும் சேர்த்து இடித்தது. அதை எண்ணெயில் குழைத்துத் தோணியின் அடிப்பலகைக்குப் பூசினால் புழு துளைக்காது. இரண்டுக்கும் ஒரே கடதாசி. அவசரத்தில் ஒன்றைத் தூக்கிக்கொண்டு கரைக்குப் போய்விட்டான். மீதிப் பொட்டலத்தை சுல்பிகாவின் உம்மா ஸரீபா அறைக்குள் இருந்த ஸைனம்புவிடம் நீட்டிவிட்டுக் குசினி அடுப்புக்குத் திரும்பினாள்.

காற்றுப் படக்கூடாதென்று ஜன்னல் இடுக்கெல்லாம் சீலை அடைத்த அறை. ஸைனம்பு தூளை மூக்கில் வைத்தாள். நல்ல சரக்கு என்றாள். தணல் சட்டியில் அள்ளிப் போட்டாள். பிள்ளையைச் சட்டிக்கு மேலே பிடித்து, தலையோடு சேர்த்துப் போர்வையால் மூடினாள்.

தணலில் நீலமாக ஒரு சுடர் ஓடியது. இத்தனை வருடத்தில் அவள் அதைக் கண்டதில்லை.

"மாமி, நெருப்புக்குச்சி மணக்குது," என்றாள் சுல்பிகா. "தொண்டை எரியுது."

"பெத்த உடம்புக்கு எல்லாம் அப்பிடித்தான் மகள்."

சொல்லும்போதே அவளுக்கும் இருமல் வந்தது. இருமல் அவளுக்குப் புதிதல்ல. பிள்ளை வீரிட்டு அழுதது. பிறகு குரல் கம்மியது. பிறகு சத்தமே இல்லை. போர்வைக்குள் அதன் கால் உதைப்பதை நிறுத்தியதை அவள் கை உணர்ந்தது.

இன்னும் ஒரு பொய் சொல்ல இடமிருந்தது. அவள் சொல்லவில்லை.

"எனக்கு மணம் தெரியா மகள். மாரிக் காய்ச்சலோட போயிட்டு. கதவைத் துறகா!"

நாற்பது நாள் கழியாத பிள்ளையை முற்றத்து வெயிலுக்குத் தூக்கிக்கொண்டு ஓடினாள். கவிழ்த்துப் பிடித்து முதுகில் தட்டினாள், மூக்கை உறிஞ்சித் துப்பினாள். வெகுநேரம் கழித்துப் பிள்ளை பூனைக்குட்டி போல ஒரு சத்தம் போட்டது.

ஸரீபா பேரனைப் பறித்து நெஞ்சோடு வைத்துக்கொண்டாள். கத்தவில்லை. அது ஸைனம்புவுக்குக் கத்துவதைவிட மோசமாக இருந்தது.

"மாரியில இருந்து எத்தின வீட்டுப் புள்ளைக்குப் புகை போட்ட நீ?"

ஸைனம்பு விரலில் ஒட்டியிருந்த தூளைப் பார்த்தாள். நோன்பு மாதத்தில் அவள் புகை போட்ட மருதமுனை றுகையாவின் பிள்ளை மூச்சிழுத்து மௌத்தானது. அல்லாஹ் எடுத்தான் என்று எல்லோரும் சொன்னார்கள், ஸைனம்புவும் சொன்னாள். அன்று சட்டியில் என்ன போட்டாள் என்பது இப்போது அவளுக்கே தெரியாது.

அஸர் தொழுகைக்கு முன்பே கதை மருதமுனைக்குப் போய்விட்டது. அவள் வீடு திரும்பியபோது வேலிப் படலைக்கு வெளியே றுகையா நின்றுகொண்டிருந்தாள்.