மீரான் நானா தோற்ற தேர்தல்

அன்று காலை எழுந்ததும், பல்கூடத் துலக்காமல், வானொலியைத் திருப்பினேன். மாதக்கணக்காகத் தெருவில் நின்ற மக்களைச் சமாளிக்க முடியாமல் ஈரான் ஷா விமானமேறிவிட்டார் என்றார்கள். உடனே அலோர் காஜாவுக்குத் தொலைபேசி செய்யப் போனேன். அந்தச் செய்திக்காக இருபத்தைந்து ஆண்டுகளாகக் காத்திருந்தவர் அங்கே இருந்தார். நான் எண்ணைச் சுழற்றுமுன் மணி அடித்தது. மீரான் நானாவின் மருமகள். காலைத் தொழுகை முடித்துப் படுத்தவர் எழுந்திருக்கவில்லை என்றாள். நானா நியூஸ் கேட்டாரா என்பதுதான் என் வாயில் முதலில் வந்தது. அவள் கோபித்துக்கொள்ளவில்லை.

"கேட்டாங்க டீச்சர். 'போன தடவை மாதிரி திரும்பி வந்துராம இருக்கணும்'னு சொல்லிட்டுத்தான் படுத்தாங்க."

அந்தப் போன தடவையை அறிந்தவர்கள் நம்மில் சிலர்தான் மிச்சம். வெள்ளைக்காரர் ஆட்சியில், காட்டுக்குள் இருந்த கம்யூனிஸ்டுகளை ஒடுக்கக் கொண்டுவந்த எமர்ஜன்சி காலத்தில், நானாவின் துணிக்கடை மாடியில் ஒரு வாசகசாலை நடந்தது. பதினோரு உறுப்பினர்கள். தலைவர், எங்கள் எல்லாருக்கும் அண்ணன் முறையான நானா. பயிற்சி முடித்துத் தமிழ்ப்பள்ளியில் புதிதாகச் சேர்ந்திருந்த நான் செயலாளர், ஒரே பெண். தினமும் மாலையில் நானா பத்திரிகையை உரக்க வாசிப்பார். உலகின் எந்த மூலையில் ஒரு ராஜா இறங்கினாலும் அன்றைக்கு எல்லாருக்கும் தேநீர். எகிப்து ராஜா கப்பலேறிய நாளில் அல்வாவும் வந்தது.

ஆனால் வாசகசாலை தொடங்கிய நாளிலிருந்து அவரேதான் தலைவர். ஆண்டுதோறும் தேர்தல் என்று ஒரு விதி இருந்தது. அதை எழுதியவரும் அவரே. கேட்டால், "எமர்ஜன்சி முடியட்டும் தங்கச்சி. அஞ்சு பேரு கூடி நின்னாலே போலீசுக்காரன் என்னான்னு கேக்குறான், இதுல எலெக்சனா?" என்பார். மாலைதோறும் பதினோரு பேர் கூடி உட்கார்ந்து தேநீர் குடிப்பதைப் போலீஸ் ஏன் கேட்கவில்லை என்று எனக்குத் தோன்றும். வாய்விட்டுச் சொன்னதில்லை. குறிப்பேட்டில் 'தேர்தல் ஒத்திவைக்கப்பட்டது' என்று எழுதி அவரிடமே கையெழுத்து வாங்குவேன்.

ஷா முதல் தடவை நாட்டை விட்டு ஓடியது அப்போதுதான். நானா அரை நாள் கடையை மூடி எல்லாருக்கும் நெய்ச்சோறு போட்டார். ஒரு வாரம் ஆகவில்லை, ஷா திரும்பி வந்தார். மக்களின் பிரதமர் சிறைக்குப் போனார். நானா இரண்டு நாள் பத்திரிகையைப் பிரிக்கவே இல்லை. தின்ற சோற்றைத் திருப்பிக் கேட்காமல் இருந்தால் சரி என்று தையற்காரர் கோபால் மட்டும் மெதுவாகச் சொன்னார்.

அடுத்த மாதமே நானாவுக்கு இன்னொரு சோதனை. அரசாங்கம் எங்கள் பக்கத்தைக் கம்யூனிஸ்ட் தொல்லை தீர்ந்த வெள்ளைப் பகுதி என்று அறிவித்து, ஊரடங்கு, அரிசிக் கட்டுப்பாடு எல்லாவற்றையும் நீக்கிவிட்டது. ஊரே கொண்டாடியது. முகம் வாடிய ஒரே மனிதர் எங்கள் தலைவர். அதன்பிறகு தேர்தல் என்று கேட்டால் மழைக்காலம் என்றார். கோபாலுக்குத் தீபாவளித் தையல் குவிந்து கிடக்கிறது என்றார்.

ஒரு மாலை நான் போனபோது மாடியில் மேசையும் நானாவும் அவர் நாற்காலியும் என் நாற்காலியும்தான் இருந்தன. வாசகசாலை நாற்காலிகள் ஆளுக்கொன்றாக உறுப்பினர்கள் வீட்டிலிருந்து கொண்டுவந்தவை. அன்று மதியம் ஆளுக்கொன்றாகத் திரும்பத் தூக்கிப் போய்விட்டார்கள். சண்டையில்லை, சத்தமில்லை, ஒருவர் நாற்காலியைத் தலையில் கவிழ்த்தபடி "வரேன் நானா" என்று விடைகூடப் பெற்றுப் போயிருக்கிறார். நானா வெறும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"புரட்சியா தங்கச்சி?"

"அப்படித்தான் தெரியுது நானா" என்று சொல்லி, என் நாற்காலியையும் எடுத்துக்கொண்டேன்.

மறுநாள் தேர்தல் அறிவித்தார். எதிர்த்து நிற்கத்தான் ஆள் கிடைக்கவில்லை. கடைசியில் கோபாலைப் பிடித்து நிறுத்தினோம். அவருடைய தையல் மெஷின் நானாவின் கடை முன்னால், அஞ்சடி நடைபாதையில், நானாவின் தயவில் ஓடிக்கொண்டிருந்தது. "நிக்கிறது சரி. தப்பித்தவறி ஜெயிச்சிட்டா மெஷினை எங்க கொண்டுபோய்ப் போடுறது லா?" என்பதே அவருடைய தேர்தல் பேச்சு.

எங்களில் யாரும் அதுவரை எதற்கும் ஓட்டுப் போட்டதில்லை. நானாவே சீட்டுகளை விரித்துப் படித்தார். கோபால். கோபால். கோபால். ஆறாவது கோபாலில் கோபாலுக்கு வியர்த்துக் கொட்டியது. முடிவில் கோபால் ஒன்பது, நானா இரண்டு. அந்த இரண்டில் ஒன்று தாம் போட்டது என்று கோபால் அங்கேயே ஒப்புக்கொண்டார்.

மற்றவர்களும் ஒப்புக்கொண்டார்கள். நானா எப்படியும் ஜெயிப்பார், பாவம் கோபாலுக்கு ஓர் ஓட்டாவது விழட்டும் என்று ஒவ்வொருவரும் தனித்தனியாக இரக்கப்பட்டிருக்கிறார்கள். மறுபடி ஓட்டுப் போடலாம் என்று கெஞ்சினார்கள். அழாத குறையாக முதலில் கேட்டவர் கோபால். நானா தலையசைத்திருந்தால் போதும், பதவி அவருக்கே. அவர் சீட்டுகளை அடுக்கினார், கலைத்தார், மறுபடி அடுக்கினார்.

"வேணாம் லா. மறுபடி போட்டு என்னை உக்கார வச்சா, ஷா திரும்பி வந்த கதையாயிரும்."

எழுந்து, கோபாலின் தோளைப் பிடித்துத் தம் நாற்காலியில் உட்காரவைத்தார். மெஷின் இருக்கிற இடத்திலேயே இருக்கட்டும் என்றார்.

அதன்பின் தம் சொந்தக் கடை மாடியில், தையற்காரரிடம் கைதூக்கி, "தலைவர் அவர்களே, ரெண்டு வார்த்தை பேசலாமா?" என்று அனுமதி கேட்பார். கேலி என்றுதான் முதலில் நினைத்தோம். கேலியில்லை. ஆனால் அந்த மாதம் முழுதும் கீழே ஒரே துணியை மூன்று தடவை அளந்துகொண்டிருந்தார். ஒரு நாள் என்னைக் கூப்பிட்டு, "நெசமாச் சொல்லு தங்கச்சி, நீயும் எரக்கப்பட்டுத்தான் போட்டியா?" என்றார். நான் வாய் திறக்குமுன் கையை உயர்த்தினார். "வேணாம், சொல்லாத. சொன்னா எலெக்சன் கெட்டுப்போயிரும்."

பிறகு கடைசிவரை கேட்கவில்லை. அன்று விழுந்த ஒன்பதில் இரக்கமே இல்லாமல் விழுந்த ஓட்டு என்னுடையது ஒன்றுதான்.

அவரிடமிருந்து எனக்கு என்ன வந்தது என்று இந்த நாட்களில் யோசித்தேன். தோல்வியை ஏற்ற அந்த மனம் என்று எழுதத்தான் ஆசை. உண்மையில் வந்திருப்பது ஒத்திவைக்கும் பழக்கம். அதே வாசகசாலைக்குப் பதினான்கு ஆண்டுகளாக நான் தலைவர். தேர்தல் எப்போது என்று போன ஆண்டு ஓர் இளம் ஆசிரியை கேட்டாள். புது அலமாரி வேலை முடியட்டும் என்றேன். அலமாரி வந்து எட்டு மாதமாகிறது.

அடுத்த மாதம் தேர்தல் வைக்கப்போகிறேன். நானும் நிற்பேன், ஜெயிக்கவே நிற்பேன். இன்னும் யாரிடமும் சொல்லவில்லை. நானா நினைவாக வாசகசாலை மலருக்கு எழுதும் இதை வாசிக்கும்போதுதான் அந்தப் பெண்ணுக்கும் தெரியும்.