பவுடர் அண்ணனின் வெட்பாலை

"வெட்பாலை வைத்தியத்தில் ஐந்து தலைமுறை அனுபவம் வாய்ந்த மூலிகைச் செம்மல்" என்று எண்ணெய்ப் புட்டியில் அச்சிட்டிருக்கிறார்கள். பக்கத்தில் அவருடைய புகைப்படம். அந்த ஐந்து தலைமுறையில் அப்பா லாரி ஓட்டினார். அதற்கு முந்தியவர்கள் என்ன செய்தார்கள் என்று செம்மலுக்கே தெரியாது. செம்மல் முடி திருத்துகிறவர். ஊரில் பவுடர் அண்ணன் என்றால்தான் தெரியும்.

வாடிக்கையாளர் கழுத்தில் பவுடர் அப்புவதால் வந்த பெயர் என்று புதியவர்கள் நினைப்பார்கள். அவர் அப்பிக்கொண்டது தன் கையில். விரல் முட்டியிலும் மணிக்கட்டிலும் தோல் செதில் செதிலாக உரியும். ஒட்டுகிற நோயல்ல. ஆனால் தாடைக்கடியில் கத்தியை வைத்துக்கொண்டு அதையெல்லாம் விளக்க முடியுமா? "அண்ணே, அவசர வேலை ஒண்ணு இருக்கு" என்று பாதி நுரையோடு எழுந்து போனவர்கள் உண்டு. கை தேறினால் கடை நடக்கும், இல்லையென்றால் இல்லை.

கடைக்குப் பின்னால் யாருக்கும் வேண்டாத பொட்டல். முள்ளுக்கும் கல்லுக்கும் நடுவே ஒரு வெட்பாலை தானாக வளர்ந்து நின்றது. இலையைக் கிள்ளினால் பால் வடியும். காய்கள் இரண்டிரண்டாக, நுனியில் ஒட்டிக்கொண்டு தொங்கும், பேச்சுவார்த்தை நின்றும் பிரியாத தம்பதி மாதிரி. அதன் வெள்ளைக் கட்டையில் சீப்பு செய்வார்கள். பல்வலிக்காரர்கள் இலையை உப்போடு மென்றுவிட்டு, வலி போயிற்றா நாக்கு மரத்ததா என்று தெரியாமல் திரும்புவார்கள். அண்ணன் இலையைத் தேங்காய் எண்ணெயில் ஊறவிட்டு ஜன்னலில் வெயிலுக்கு வைப்பார். எண்ணெய் கத்தரிப்பூ நிறத்துக்கு வந்ததும் தினமும் கையில் தேய்ப்பார். வீட்டில் தலையணை உறையெல்லாம் ஊதா. மனைவி முணுமுணுத்தாள், கை தேறியது.

மனைவியின் தம்பி ஒருநாள் அந்தப் புட்டியைப் பார்த்தார்.

"மாமா, இத விக்கலாம்."

"இது என் கைக்கு, மாப்ளே."

"ஏன், ஊர்ல வேற யாருக்கும் கை இல்லையா?"

"எனக்குக் கேக்குது. மத்தவங்களுக்குக் கேக்குமான்னு யார் கண்டா?"

"அதக் கண்டுபிடிக்கத்தான் விக்கிறோம்."

அக்கா தம்பி பக்கம் சாய்ந்தாள். புகைப்படம் எடுத்தார்கள். மார்போடு நிறுத்தச் சொன்னார் மைத்துனர். கை படத்தில் வந்துவிடக் கூடாதாம்.

எண்ணெய் விற்றது, இலை போதவில்லை. ஒரு காலையில் மைத்துனர் நடுத்தெருவில், வண்டி இரைச்சலுக்கிடையே, தன் கூலியாளைத் தொலைபேசியில் கூப்பிட்டார். "மாமா கடைக்குப் பின்னாடி. வெட்பாலை. இன்னிக்கே வேணும்." கேட்டவர் கோடாலியோடு வந்தார்.

சத்தம் கேட்டு அண்ணன் கத்தியும் கையுமாகப் பின்பக்கம் ஓடினார்.

"என்னய்யா பண்றே?"

"முதலாளி சொன்னாருண்ணே. வெட்டு பாலையன்னு."

"வெட்பாலைன்னு சொல்லியிருப்பாருய்யா."

"நானும் அதத்தானேண்ணே சொல்றேன்."

மரம் ஏற்கெனவே படுத்துவிட்டது. பின்னாலேயே வந்த வாடிக்கையாளர், ஒரு கன்னத்தில் நுரையோடு, "மரத்துக்குப் பேர் வச்சவன்மேல கேஸ் போடுங்கண்ணே" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். வாடிக்கையாளர் சிரித்தால் கூடச் சிரிப்பது தொழில் பழக்கம், அண்ணனும் சிரித்தார்.

அடிக்கட்டை துளிர்க்கும் என்றார்கள். துளிர்க்கவும் செய்தது. அதற்குள் மைத்துனர் பொட்டலை வாங்கி, புட்டிகள் அடுக்கக் கிடங்கு கட்டி, துளிர்மேல் சிமெண்ட் பூசிவிட்டார். சுற்றுவட்டாரத்து வெட்பாலைகளை அவருடைய ஆட்கள் மொட்டையடித்திருந்தார்கள். அண்ணன் இலை கேட்டுப் போனார்.

"இலை எதுக்கு மாமா? எண்ணெயே தரேன். உங்களுக்கு இல்லாததா?"

அதில் இலை பேருக்கு இருந்தது, மீதி சாயம். தேய்த்த கை ஊதாவாகி, ஊதாவாகவே உரிந்தது. பவுடர் போட்டால் சாம்பல் நிறம் காட்டியது. வாடிக்கையாளர்கள் முதலில் கிண்டல் செய்தார்கள். அப்புறம் கிண்டல் செய்யவும் வரவில்லை.

பவுடர் அண்ணன் ஒருவருக்கும் வைத்தியம் பார்த்ததில்லை. தன் இரண்டு கைக்கும் எண்ணெய் தேய்த்துக்கொண்டு ஊருக்கு முடி வெட்டினார். அந்தப் பழைய எண்ணெய் இல்லாமல் போனதும் கடையைப் பூட்டிவிட்டு, ஒரு பள்ளிக்கூட வாசலில் காவலுக்குச் சேர்ந்தார். அங்கே கையைக் கால்சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டு நிற்கலாம்.