பல்லில் வைத்த மண்

சிங்கப்பூரில் வேலை பார்க்கும் என் மகள், நான் அங்கே போயிருந்தபோது தினமும் காலையில் என்னைப் பூங்காவுக்கு அழைத்துப் போனாள். எல்லாவற்றையும் நான் வாய் பிளந்து பார்க்க வேண்டும் என்று அவளுக்கு ஆசை. தூங்குமூஞ்சி மரத்துக்கு நம்பர் தட்டு அடித்திருந்தார்கள். எங்கள் ஊர்ப் பக்கம் கருவேப்பிலங்குறிச்சி ரோட்டில் அதே மரம் தட்டில்லாமலே நன்றாகத்தான் நிற்கிறது. ஆனால் உடும்பு ஒன்று குளத்தில் இறங்கி நீந்தியபோது அங்கே ஒருவரும் கல்லை எடுக்கவில்லை. அது பிடித்திருந்தது. பொய் சொல்ல மாட்டேன்.

ஒரு நாள் குளக்கரையை வெட்டிப் போட்டிருந்தார்கள். உள்ளே சாம்பல் நிறக் களிமண். விருத்தாசலத்தில் எனக்குப் பீங்கான் பொம்மைப் பட்டறை இருக்கிறது. மண் லோடு வந்தால் ஒரு சிட்டிகை எடுத்து முன்பல்லில் வைத்துக் கடிப்பேன். நறநறவென்றால் மணல் அதிகம், சூளையில் பொம்மை வெடிக்கும். லாரியைத் திருப்பி அனுப்பிவிடுவேன். அங்கேயும் கை தானாகப் போனது. கடித்தேன்.

சருகு கூட்டிக்கொண்டிருந்த சீனப் பெரியவர் பதறி ஓடிவந்தார். அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று மகள் அவரிடம் இங்கிலீஷில் சொன்னாள். அந்த அளவு இங்கிலீஷ் எனக்குப் புரியும். அவர் என்னைப் பாவமாகப் பார்த்தார்.

வீட்டுக்கு வந்ததும் கேட்டேன்.

“எனக்கு என்னாடி நோவு? சூளை போட்டு உன்னப் படிக்க வெச்சனே, அந்த நோவா?”

“சட்டுனு வாயில வந்துடுச்சும்மா. மண்ணு தின்னா இங்க வேற மாதிரி நெனப்பாங்க.”

“நெனச்சிட்டுப் போவட்டும். எங்கம்மா பட்டற வெச்சிருக்காங்கன்னு சொல்ல வாய் வலிக்குதா?”

டிக்கெட்டை மாற்று, ஊருக்குப் போகிறேன் என்றேன். மெய்யாகவே போயிருப்பேன்.

மறுநாள் காலை செருப்பை எடுத்து வந்து என் காலடியில் போட்டாள். என்னைக் கூட்டிக்கொண்டு அதே குளக்கரைக்கு நடந்தாள். அந்தப் பெரியவரைக் கூப்பிட்டு, நேற்றுச் சொன்னது பொய், என் அம்மா பீங்கான் பட்டறை நடத்துகிறார், மண்ணை இப்படித்தான் சோதிப்பார் என்றாள். அவர் முழித்தார். ஆபீஸ் உடுப்போடு மண்டி போட்டு, ஒரு சிட்டிகை மண்ணை முன்பல்லில் வைத்துக் கடித்துக் காட்டினாள். பெரியவர் துடைப்பத்தை ஊன்றிக்கொண்டு கட்டைவிரலை உயர்த்தினார்.

“மணலு சாஸ்திம்மா. பொம்மைக்கு ஆவாது.”

சரியாகச் சொன்னாள். எனக்கு நேற்றே தெரியும், ஆனாலும் அவள் வாயால் கேட்டதில் நெஞ்சு நிமிர்ந்தது. டிக்கெட் அப்படியே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டு, உடும்பு எங்கே என்று தேட ஆரம்பித்தேன்.